வீட்டில் என் பெயர் இல்லை. 12 வருடத்துக்குப் பிறகு எனக்குப் பங்கு உண்டா?

கேட்டவர்: கொல்லைப்புற முல்லை

வணக்கம். யாரிடம் கேட்பது என்று தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 2013ல் அங்கே கல்யாணம், அதே வருடம் சிங்கப்பூர் வந்தேன். அவர் இங்கே குடியுரிமை வாங்கியவர். நான் அப்போது நீண்டகால வருகை அனுமதியில் இருந்தேன். 2015ல் உட்லண்ட்ஸில் ஒரு நாலறை வீவக (அரசு வீட்டு வளர்ச்சிக் கழக) மறுவிற்பனை வீடு வாங்கினோம். பிஆர் (நிரந்தரவாசத் தகுதி) இல்லாததால் என்னை உரிமையாளராகப் போட முடியாது, குடியிருப்பவர் என்றுதான் போட முடியும் என்றார்கள். 2019ல் எனக்கு பிஆர் கிடைத்தது. அப்போதாவது பெயரைச் சேர்க்கலாமே என்று கேட்டேன். அப்புறம் பார்க்கலாம் என்றார். அந்த அப்புறம் இன்றுவரை வரவில்லை.

பிள்ளைகள் இரண்டு பேர், பத்து வயது, ஏழு வயது. முதல் ஒன்பது வருடம் நான் வேலைக்குப் போகவில்லை. மூன்று வருடமாக ஒரு காப்பிக்கடையில் காலை நேரம் மட்டும் தோசைக் கடையில் நிற்கிறேன், மாதம் 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரும், அது மளிகைக்கும் பிள்ளைகளின் டியூஷனுக்கும் சரியாகப் போய்விடும்.

போன மாதம் அவர் இரண்டு பக்கத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். முழுக்க ஆங்கிலம். இருவரும் மனமொத்துப் பிரிகிறோம், வீட்டில் எனக்கு எந்த உரிமையும் இல்லை, 18,000 வெள்ளி வாங்கிக்கொண்டு வேறு எதுவும் கேட்கமாட்டேன் என்று அதில் இருப்பதாகப் பக்கத்து வீட்டுப் பெண் படித்துச் சொன்னாள். வழக்கை ஊரிலேயே போட்டுவிடலாம், செலவும் குறைவு, சீக்கிரமும் முடியும் என்கிறார். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "வீடு முழுக்க என் சிபிஎஃப் (மத்திய சேமநிதி) பணம், இதில் ஒரு டைல்ஸ்கூட உன்னுடையது இல்லை" என்றார்.

அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் வீடு வாங்கின சமயத்தில் தரை வேலைக்குப் பணம் பத்தவில்லை. என் அம்மா போட்ட 32 பவுனில் 9 பவுனைச் சிராங்கூன் சாலையில் விற்றுத்தான் அந்த டைல்ஸ் போட்டோம். சமையலறையில் நான் நிற்கிற தரை அதுதான்.

இன்னொன்று. ஆறேழு வருடமாக அவர் ஊருக்குப் பணம் அனுப்பி ஒரு நிலம் வாங்கியிருக்கிறார். பத்திரம் மாமனார் பெயரில். போன வருடம் மட்டும் தம்பிக்கு என்று சொல்லி 40,000 வெள்ளி போயிருக்கிறது.

பெயரே இல்லாத வீட்டில் எனக்குப் பங்கு கேட்க முடியுமா? கையெழுத்துப் போடாவிட்டால் 18,000மும் போய்விடும் என்கிறார். உண்மையா?


ஈசூன் அக்கா:

தங்கச்சி, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் சொல்கிறேன். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சாப்பாட்டு மேசையில் வைத்து நீட்டினாலும் சரி, மாமியார் போனில் அழுதாலும் சரி, போடாதீர்கள். நான் பார்க்க வேண்டும், படிக்க வேண்டும், ஒருவரிடம் காட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். தாளைப் போனில் படம் எடுத்து வேறு யாருக்காவது அனுப்பி வைத்துவிடுங்கள்.

நான் 2018ல் விவாகரத்து வாங்கினேன், 17 வருடக் கல்யாணம். என் வீட்டில் என் பெயரும் இருந்தது, ஆனால் கட்டிய பணமெல்லாம் அவருடைய சிபிஎஃப்பிலிருந்து போனதுதான். எனக்கும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள், நீ என்ன கொண்டுவந்தாய் என்று.

வக்கீலம்மா முதல் நாள் என்னிடம், இந்த 17 வருடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நான், "சும்மா வீட்டில்தான் இருந்தேன்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சும்மாவை இனிமேல் சொல்லாதீர்கள், வீட்டுக்குப் போய் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். இரண்டு ராத்திரி எழுதினேன். மூத்தவனுக்கு ஆஸ்துமா, எத்தனை முறை ராத்திரி பாலிகிளினிக்கும் ஆஸ்பத்திரியும் என்று எழுதினேன். மாமனார் பக்கவாதத்தில் கிடந்த 14 மாதம் யார் கழுவிவிட்டது என்று எழுதினேன். அவர் ஷிப்ட் வேலைக்கு அதிகாலை 4 மணிக்கு எழுந்து சோறு கட்டியதை எழுதினேன். எழுத எழுத எனக்கே ஆச்சரியமாக இருந்தது, கையெல்லாம் நடுங்கியது. அந்த நோட்டிலிருந்துதான் என் சத்தியப்பிரமாணம், அதாவது கோர்ட்டில் கொடுக்கும் எழுத்து வாக்குமூலம், தயாரானது. இன்றைக்கே நீங்களும் ஒரு நோட்டு வாங்குங்கள்.

டைல்ஸ் கதையை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.


பழைய குமாஸ்தா:

சகோதரி, நான் வக்கீல் இல்லை. குடும்ப வழக்குகள் எடுக்கும் ஓர் அலுவலகத்தில் 19 வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், உங்கள் வழக்குக்கு ஒரு வக்கீல்தான் பேச வேண்டும்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில், பங்கு கேட்க முடியும். சிங்கப்பூரில் முஸ்லிம் அல்லாதவர்களின் விவாகரத்துக்கு மாதர் சாசனம்தான் சட்டம், 1961ல் வந்தது. அதில் 112ஆம் பிரிவுதான் சொத்துப் பிரிப்பு. அந்தப் பிரிவு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துப் பிரிப்பதில்லை. கல்யாணமான பிறகு இருவரில் யார் சம்பாதித்து வாங்கியிருந்தாலும், அது ஒருவர் பெயரில் மட்டும் இருந்தாலும், குடும்பச் சொத்துதான். வீடு, வங்கிச் சேமிப்பு, இன்சூரன்ஸ், கார், பங்கு, இதோடு அவருடைய சிபிஎஃப் கணக்கில் கல்யாண காலத்தில் சேர்ந்த தொகையும் உள்ளே வரும். என் சிபிஎஃப் என்று அவர் சொல்வது கணக்கு யார் பெயரில் என்பதைத்தான் காட்டும். கடனும் கழியும், அதையும் மறக்காதீர்கள்.

குடும்பம் வாழ்ந்த வீட்டுக்குத் தனி இடமே உண்டு. ஒருவர் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய வீடாக இருந்தாலும், குடும்பம் அதில் சேர்ந்து வாழ்ந்திருந்தால் அதுவும் பிரிப்புக்கு வரும். உங்களுடையதோ கல்யாணத்துக்குப் பிறகு வாங்கியது, அதனால் அந்த வாதம்கூடத் தேவையில்லை.

எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் அடுத்த கேள்வி. இதில் இரண்டு பாதை இருக்கிறது. இருவரும் சம்பாதித்த குடும்பம் என்றால், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015ல் ஏஎன்ஜே எதிர் ஏஎன்கே வழக்கில் சொன்ன கணக்கு. முதலில் பணமாக யார் எவ்வளவு போட்டார்கள் என்று ஒரு விகிதம். பிறகு வீட்டுச் செலவு, சமையல், பிள்ளை வளர்ப்பு, பெரியவர்களைப் பார்த்துக்கொண்டது என்று மறைமுகப் பங்களிப்புக்கு ஒரு விகிதம். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்து, தேவைப்பட்டால் ஏற்றி இறக்குவார்கள். புரிவதற்காக ஓர் உதாரணம் சொல்கிறேன், இது உங்கள் கணக்கு இல்லை: பணத்தில் அவர் 90, மனைவி 10. மறைமுகத்தில் அவர் 30, மனைவி 70. சராசரி எடுத்தால் அவருக்கு 60, மனைவிக்கு 40.

ஒருவர் சம்பாதிக்க மற்றவர் வீட்டைப் பார்த்துக்கொண்ட குடும்பத்துக்கு இந்தக் கணக்கு அநியாயமாகப் போகும், ஏனென்றால் இல்லத்தரசிக்கு முதல் விகிதத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே வராது, இரண்டாவதிலும் கணவனுடைய சம்பளம் மறுபடி எண்ணப்படும். அதனால் 2017ல் டிஎன்எல் எதிர் டிஎன்கே வழக்கில், நீண்ட கால ஒற்றைச் சம்பளக் குடும்பங்களுக்கு அந்தக் கணக்கைப் போடக் கூடாது, சமமாகப் பிரிப்பதை நோக்கித்தான் போக வேண்டும் என்றார்கள். 2018ல் பிஓஆர் எதிர் பிஓஎஸ் வழக்கில், 15 முதல் 18 வருடம் வாழ்ந்து பிள்ளைகளும் இருந்த இப்படிப்பட்ட குடும்பங்களில் இல்லத்தரசிக்கு 35 முதல் 50 சதவீதம் வரை கொடுத்திருக்கிறார்கள் என்று முந்தைய வழக்குகளைக் காட்டினார்கள். உங்களுடையது 12 வருடம். மாதம் 900 வெள்ளியை வைத்து உங்களை இரட்டைச் சம்பளக் குடும்பம் என்று எதிர்த்தரப்பு வாதாடலாம், இல்லை என்று உங்கள் வக்கீல் வாதாடலாம். எந்தப் பக்கம் போனாலும் 18,000 வெள்ளி என்பது இந்த எண்களுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை என்று மட்டும் பாருங்கள்.

நகை விஷயம். உங்கள் அம்மா உங்களுக்குப் போட்டது மூன்றாம் ஆள் கொடுத்த அன்பளிப்பு, சாதாரணமாக அது பிரிப்புக்கு வராது, உங்களுடையது. மிச்சமிருக்கும் 23 பவுனைப் பாதுகாப்பாக வையுங்கள். விற்று வீட்டில் போட்ட 9 பவுன் உங்களுடைய நேரடிப் பணப் பங்களிப்பு. ரசீது வேண்டும். நகைக்கடை ரசீது சூட்டுத் தாளாக (சூட்டில் அச்சாகும் தாள்) இருந்தால் எழுத்து மங்கிப் போய்க்கொண்டே இருக்கும், இன்றைக்கே நகல் எடுங்கள். மங்கிவிட்டாலும் தூக்கிப் போடாதீர்கள், சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் தேதியாவது தெரியும். அதே மாதத்தில் டைல்ஸ் போட்டவருக்குப் பணம் போன ரசீது, கைப்பேசியில் அப்போது எடுத்த படம், அம்மாவிடம் பேசின வாட்ஸ்அப், இவையெல்லாம் சேர்ந்து ஒரு கதையைச் சொல்லும். கணவர் தன் சம்பாத்தியத்தில் உங்களுக்கு வாங்கிக்கொடுத்த நகை மட்டும் வேறு கதை, அது குடும்பச் சொத்தில் சேரலாம்.

ஊரில் வழக்குப் போடுவது. இதில்தான் எனக்குக் கவலை அதிகம். சிங்கப்பூரில் இருக்கும் 112ஆம் பிரிவு மாதிரி ஒன்று இந்தியாவின் இந்து திருமணச் சட்டத்தில் இல்லை. அங்கே ஜீவனாம்சம் கேட்கலாம், கல்யாணத்தின்போது இருவருக்கும் சேர்த்துக் கொடுத்த பொருள்கள் பற்றி 27ஆம் பிரிவு இருக்கிறது, ஆனால் அவர் சம்பாதித்து வாங்கிய வீட்டைப் பங்களிப்பைப் பார்த்துப் பிரித்துக் கொடுக்கும் அதிகாரம் இங்கேபோல அங்கே இல்லை. ஊரில் போடலாம் என்று சொல்வதன் பின்னால் சிக்கனம் மட்டும்தான் இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. அவர் குடிமகன், நீங்கள் 12 வருடமாக இங்கே வாழ்கிறீர்கள். இருவரில் ஒருவருக்கு நிரந்தர இருப்பிடம் சிங்கப்பூர் என்றாலோ, மனுப் போடுவதற்கு முன் மூன்று வருடம் தொடர்ந்து இங்கே வாழ்ந்திருந்தாலோ இங்குள்ள குடும்ப நீதிமன்றம் வழக்கை எடுக்கும். ஊரில் கல்யாணம் பதிவானது இதற்குத் தடை இல்லை. வெளிநாட்டில் விவாகரத்து முடிந்துவிட்ட பிறகும் இங்கே வந்து சொத்துப் பங்கு கேட்க 2011 முதல் ஒரு வழி இருக்கிறது, ஆனால் அது சுற்றுவழி, முதலில் கோர்ட்டின் அனுமதியை வாங்க வேண்டும். நேர்வழி இருக்கும்போது அதில் ஏன் போவானேன்.

அந்த இரண்டு பக்கத் தாளைப் பற்றி. பிரிவை முன்னிட்டு இருவரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தைக் கோர்ட் கணக்கில் எடுக்கும். அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்றில்லை, ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதிலிருந்து வெளியே வருவது உங்கள் தலைவலி. அதைவிட மோசம், அது கோர்ட்டின் சம்மத உத்தரவாக மாறிவிட்டால் பிற்பாடு மாற்றுவது மிகமிகக் கடினம். உங்களுக்குப் புரியாத மொழியில் எழுதிய எதிலும் கையெழுத்து வேண்டாம். கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உண்டு. உங்கள் சத்தியப்பிரமாணத்தை உங்களுக்குத் தமிழில் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். வாய்விட்டுக் கேளுங்கள்.

கையெழுத்துப் போடாவிட்டால் 18,000மும் போய்விடும் என்பது பயமுறுத்தல், அவ்வளவுதான்.

ஊர் நிலத்தையும் 40,000த்தையும் அடுத்த பதிவில் எழுதுகிறேன், கை வலிக்கிறது.


தெம்பனிஸ்காரன்:

ஆண் பக்கத்திலிருந்து ஒருவன் எழுதுகிறேன், திட்டாதீர்கள். எனக்கு 2021ல் விவாகரத்து முடிந்தது. நானும் ஆரம்பத்தில் என் சிபிஎஃப் என் சிபிஎஃப் என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மாதா மாதம் சம்பளச் சீட்டில் பிடித்துக்கொண்டு போகிற பணம், நம் ரத்தம் மாதிரி தோன்றும். என் மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் நான் ஓவர்டைம் செய்ய முடிந்தது என்பது எனக்கு வக்கீல் அறையில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. உங்கள் கணவருக்கும் அது ஒருநாள் உறைக்கட்டும்.

நான் சொல்ல வந்தது வேறு. சிபிஎஃப் கணக்கில் பலர் ஏமாறுகிறார்கள், இரண்டு பக்கத்திலும்தான். வீட்டை விற்றால் முதலில் கடன் போகும், அப்புறம் வீட்டுக்காக எடுத்த சிபிஎஃப் தொகையும் அதற்கான 2.5 சதவீத வட்டியும் எடுத்தவர் கணக்குக்கே திரும்பப் போகும், மிச்சம்தான் கையில் ரொக்கம். இதைப் பார்த்துவிட்டு, ரொக்கம் கொஞ்சம்தான் வருகிறது, அதைத்தான் பிரிக்கலாம் என்பார்கள். தவறு. ஒரு பேச்சுக்கு வீடு 560,000 போகும், கடன் பாக்கி 180,000 என்று வையுங்கள். பிரிக்க வேண்டிய மதிப்பு 380,000. சிபிஎஃப்புக்குத் திரும்பிப் போன பணமும் அந்த 380,000க்குள்தான் இருக்கிறது, அது எங்கேயும் காணாமல் போகவில்லை, அவர் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. மனைவிக்கு 40 சதவீதம் என்றால் 152,000. அதில் எவ்வளவு ரொக்கமாக, எவ்வளவு சிபிஎஃப்பிலிருந்து மாற்றிக் கொடுப்பது என்பதை உத்தரவில் தெளிவாக எழுத வேண்டும். என் உத்தரவில் ஒரு வரி சரியாக இல்லாமல் சிபிஎஃப் கழகத்திலிருந்து திரும்பி வந்து, வக்கீலுக்கு மறுபடி செலவு, நாலு மாதம் இழுத்தது.

வீடு யாருக்கு என்பதிலும் வீவக விதி தனி. நீங்கள் பிஆர், தனி ஆளாக வீவக வீட்டுக்கு உரிமையாளராக முடியாது. பிள்ளைகள் குடிமக்கள் என்பதால் உங்கள் நிலைமை என்ன என்று வீவக கிளையில் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கோர்ட் ஒன்று சொல்லி, வீவக விதி இடம் கொடுக்காமல் போனால் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும். அவர் வீட்டை வைத்துக்கொண்டால் உங்கள் பங்கைப் பணமாகக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, பிள்ளைகள் முன்னால் இந்தக் கணக்கைப் பேசாதீர்கள். நான் பேசினேன். என் மகள் எட்டு வயதில் என்னிடம், அப்பா என் கட்டிலில் யாருக்கு எவ்வளவு என்று கேட்டாள்.


கடையநல்லூர்ப் பேத்தி:

முல்லை, உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது, ஆனால் இதைப் படிக்கும் நம் முஸ்லிம் பெண்களுக்காக எழுதுகிறேன். எங்களுக்கு மாதர் சாசனத்தின் 112 இல்லை. ஷரியா நீதிமன்றம், முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. சேர்ந்து சேர்த்த சொத்தை ஹர்த்தா செபென்சரியான் என்பார்கள், அதிலும் வீட்டு வேலை, பிள்ளை வளர்ப்பு எல்லாம் கணக்கில் உண்டு. அதோடு நஃபகா, அதாவது விவாகரத்துக்குப் பிந்தைய இத்தா காத்திருப்புக் காலத்துக்கான செலவுத் தொகையும், முத்ஆ, அதாவது பிரியும் மனைவிக்குக் கணவன் கொடுக்கும் ஆறுதல் தொகையும் தனி. முத்ஆவை வாங்கிக்கொண்டு வீட்டுப் பங்கையும் சேர்த்து முடித்துவிட்டார்கள் என்று நினைத்து எழுந்து வந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். இரண்டும் வேறு வேறு, தனித்தனியாகக் கேளுங்கள்.

உங்களுக்கு நான் துஆ செய்கிறேன் முல்லை. தாளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டுத் தூங்குங்கள்.


கிராஞ்சி காற்று:

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். எங்கள் வீடு என் கணவர் பெயரிலும் மாமியார் பெயரிலும் இருக்கிறது. கட்டியது முழுக்க கணவர்தான். அப்போதும் இதே கணக்குத்தானா?


பழைய குமாஸ்தா:

கிராஞ்சி காற்று, உங்கள் கேள்விக்கும் முல்லையின் மாமனார் நிலத்துக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. 2018ல் யுடிஏ எதிர் யுடிபி என்று ஒரு வழக்கு. விவாகரத்து வழக்கைக் கேட்கும் கோர்ட், 112ஆம் பிரிவின் கீழ் கணவன் மனைவி அல்லாத மூன்றாம் ஆளுக்கு எதிராக உத்தரவு போட முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மாமியாருக்கு அதில் உண்மையில் பங்கு இல்லை, பெயர் மட்டும்தான் என்று நிரூபிக்க வேண்டுமானால், அவரே அதை எழுத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும், அல்லது தனியாக வழக்குப் போட்டு யாருடையது என்று தீர்மானிக்க வேண்டும். அதுவரை பிரிப்பு காத்திருக்கும், இல்லாவிட்டால் அந்தச் சொத்தை விட்டுவிட்டு மற்றதைப் பிரிப்பார்கள்.

முல்லை, நிலம் மாமனார் பெயரில் இருப்பதால் அதை நேராகப் பிடிப்பது கஷ்டம், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் போன பணத்தைப் பிடிக்க வழி இருக்கிறது. மனைவிக்குப் பங்கு போகக் கூடாது என்ற நோக்கத்தில் சொத்தை மாற்றியிருந்தால், மனுவுக்கு முந்தைய மூன்று வருடத்துக்குள் நடந்ததைக் கோர்ட் ரத்து செய்யலாம், அது 132ஆம் பிரிவு. அது போக, பிரிவு நெருங்கிவிட்ட காலத்தில் ஒருவர் பெரிய தொகையை மற்றவர் சம்மதம் இல்லாமல் செலவழித்தாலோ கொடுத்தாலோ, அந்தத் தொகை இன்னும் கையில் இருப்பதாகவே வைத்துக் கணக்குப் போடலாம், இதுவும் டிஎன்எல் வழக்கில் சொன்னதுதான். 40,000 போன தேதியும் வீட்டில் சண்டை தொடங்கிய தேதியும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்பது முக்கியம். சிராங்கூன் சாலையில் பணம் அனுப்பும் கடையின் சீட்டுகள் வீட்டில் எங்காவது கிடக்கும், பார்த்த இடத்திலேயே படம் எடுங்கள், எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். இருவரும் சொத்து விவரத்தைச் சத்தியப்பிரமாணமாகக் கொடுத்தாக வேண்டும். மறைத்தார் என்று தெரிந்தால் கோர்ட் அதை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளும்.

விட்டுப்போன ஒன்று. பிள்ளைகள் சின்னவர்கள் என்பதால், வீட்டை உடனே விற்காமல் தள்ளிவைக்கவும், ஒருவர் குறிப்பிட்ட காலம்வரை அங்கேயே வாழவும் உத்தரவு போடக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், கேட்கச் சொல்கிறேன். 21 வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருப்பதால் மனுவுக்கு முன் பெற்றோர் வகுப்பு ஒன்று கட்டாயம், நடுவில் சமரசப் பேச்சுக்கும் அனுப்புவார்கள். அதற்குப் பயப்பட வேண்டாம், நல்லபடியாக முடிந்த வழக்குகளில் நிறைய அந்த அறையில்தான் முடிந்தன. பிள்ளைகளின் பராமரிப்புத் தொகை சொத்துப் பிரிப்பிலிருந்து வேறு. இப்போதே அவர் வீட்டுச் செலவுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டால் விவாகரத்து இல்லாமலேயே பராமரிப்புக் கேட்டு மனுப் போடலாம்.

2024 ஜூலை 1 முதல் இருவரும் மனமொத்து ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சொல்லாமல் பிரியவும் சட்டத்தில் இடம் வந்திருக்கிறது. அவர் மனமொத்து என்று சொன்னால், சரி, இங்கேயே அப்படிப் பிரியலாம், சொத்தை முறைப்படி பேசலாம் என்று பதில் சொல்லுங்கள்.

செலவுக்கு: அரசின் சட்ட உதவி அலுவலகமான லீகல் எய்ட் பீரோ குடிமக்களுக்கும் பிஆருக்கும் உண்டு, வருமானம், சொத்து பார்த்துக் கொடுப்பார்கள். அதற்கு முன் சமூக மன்றங்களில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்குப் போய் அரைமணி நேரம் பேசுங்கள். பக்கத்தில் இருக்கும் குடும்பச் சேவை நிலையத்தில் சொன்னால் அவர்களே நேரம் வாங்கிக் கொடுப்பார்கள்.


ஈசூன் அக்கா:

உட்லண்ட்ஸ் பக்கம்தானே, முதல் முறை போகும்போது வேண்டுமானால் நான் கூட வருகிறேன். தனி மடலில் சொல்லுங்கள். காலை தோசைக்கடை முடிந்து வாருங்கள்.


கொல்லைப்புற முல்லை:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. காலையிலிருந்து மூன்று தடவை படித்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணையும் உட்காரவைத்துப் படித்தேன், அவள் அழுதுவிட்டாள்.

நேற்று ராத்திரி அவர் தாளைப் பற்றிக் கேட்டார். இங்கேயே பேசிக்கொள்ளலாம், நான் ஒருவரிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், குரல் நடுங்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

ரசீதைத் தேடினேன். பூஜை அலமாரியில் பழைய விபூதிப் பொட்டலத்துக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தது. குமாஸ்தா ஐயா சொன்ன மாதிரியே எழுத்தெல்லாம் போய்விட்டது, வெள்ளைத் தாள்தான் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் 2015 என்பதும், 72 கிராம் என்பதும் தெரிகிறது. 9 பவுன் சரியாக 72 கிராம். டைல்ஸ்காரர் கையால் எழுதிக்கொடுத்த பில்லும் அதே உறையில், அது பேனா மை, அப்படியே இருக்கிறது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துவிட்டேன். இன்று மாலை பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் வழியில் நகல் எடுத்துவிடுவேன். ஒரு நோட்டும் வாங்க வேண்டும். அக்கா, செவ்வாய்க்கிழமை 11 மணிக்கு எனக்கு முடியும், உங்களுக்குச் சரிப்படுமா?


ஈசூன் அக்கா:

சரிப்படும். எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் நிற்கிறேன். அசல் ரசீதை வீட்டில் வைக்காமல் கையோடு கொண்டுவாருங்கள்.